காவலர், தீயணைப்பு வீரர் பெயரிலான தொலைபேசி நன்கொடை வேண்டுகோள்

காவலர், தீயணைப்பு வீரர் பெயரிலான தொலைபேசி நன்கொடை வேண்டுகோள் என்பது, காவல்துறையினர், தீயணைப்பு வீரர்கள், படைவீரர்கள் ஆகியோரின் நலனுக்காகவோ பணியில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்காகவோ எனக் கூறி, தொலைபேசி, குறுஞ்செய்தி, வாட்சப் ஆகியவற்றின் வழியாகப் பொதுமக்களிடம் பணம் கேட்கும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது பல பத்தாண்டுகளாக ஒரு தொழிலாகவே நடந்து வருகிறது. இந்தியாவில் காவல்துறையும் தீயணைப்புத் துறையும் அரசுத் துறைகள் ஆகும். அவற்றின் பணியாளர்கள் அரசின் முன் இசைவின்றி நிதி திரட்ட முடியாது. ஆகவே இத்தகைய அழைப்பு இந்தியாவில் தொடக்கத்திலேயே ஐயத்துக்கு உரியது. இக்கட்டுரை இதனைப் புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களை முன்னிறுத்தி விளக்குகிறது.

ஐக்கிய அமெரிக்காவில்

ஐக்கிய அமெரிக்காவில் காவலர் சங்கங்களும் தீயணைப்பு வீரர் சங்கங்களும் வெளிப்படையாக இயங்குகின்றன. நிதி திரட்டும் பணியை இவை பெரும்பாலும் தொலைபேசி விற்பனை நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன. அழைப்பவர் காவலரோ தீயணைப்பு வீரரோ அல்லர், அந்நிறுவனத்தின் ஊழியர். திரட்டிய தொகையின் பெரும்பகுதியை நிறுவனமே கட்டணமாக எடுத்துக்கொள்வது உண்டு.

நிதி திரட்டுபவர் பெறும் கட்டணத்துக்கு விழுக்காட்டு அடிப்படையில் வரம்பு விதிப்பது பேச்சுரிமைக்கு முரணானது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1988 இல் தீர்ப்பளித்தது. எனினும் பணம் எங்கே செல்கிறது என்பது பற்றிப் பொய் கூறினால் மோசடி வழக்குத் தொடரலாம் என 2003 இல் இல்லினாய் மாநில வழக்கொன்றில் அதே நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கில், வியட்நாம் போர் வீரர்களுக்கான அமைப்பு ஒன்றின் பெயரில் திரட்டப்பட்ட ஏறத்தாழ 71 இலட்சம் டாலரில் 60 இலட்சம் டாலருக்கும் மேல் தொலைபேசி நிறுவனங்களிடமே தங்கியது.

2021 இல் அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையமும் மாநில அமைப்புகளும் இணைந்து மற்றொரு நிறுவனக் குழுமத்தின்மீது நடவடிக்கை எடுத்தன. வீட்டுத் தீயில் பாதிக்கப்பட்டோர், வீடற்ற முன்னாள் படைவீரர் போன்றோரின் பெயரால் அக்குழுமம் 130 கோடி அழைப்புகளைச் செய்து, 11 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருந்தது.

இந்தியாவில் வேறுபாடு

இந்தியாவில் 1966 ஆம் ஆண்டின் காவல்படைகள் (உரிமைகள் கட்டுப்பாடு) சட்டம், காவலர்கள் இசைவின்றிச் சங்கங்களில் சேர்வதைத் தடை செய்கிறது. எனவே அமெரிக்காவில் உள்ளது போன்ற நிதி திரட்டும் காவலர் சங்க மரபு இங்குப் பரவலாக வளரவில்லை.

ஒன்றியப் பகுதியான புதுச்சேரியின் அரசு ஊழியர்களுக்கு 1964 ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகள் பொருந்துகின்றன. அவற்றின் 12 ஆம் விதிப்படி, அரசின் அல்லது உரிய அதிகாரியின் முன் இசைவு இன்றி எந்த நோக்கத்துக்காகவும் நன்கொடை கேட்பதோ, பெறுவதோ, நிதி திரட்டலில் பங்கேற்பதோ கூடாது.

இவ்விதிக்குப் பின்னால் நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. பணம் கேட்பவர் காவலர் எனில், கடைக்காரரோ சிறு தொழில் நடத்துபவரோ மறுக்க அஞ்சுவார். அவ்வாறு கொடுப்பது நன்கொடை ஆகாது. கொடுத்தவர் சலுகையை எதிர்பார்க்கவும் இடம் உண்டாகும். துறையின் பெயரைப் பயன்படுத்தும் மோசடிக்காரர்களும் இதே அச்சத்தையே முதலீடாகக் கொள்கின்றனர்.

புதுச்சேரியின் ஊரகப் பகுதிகளில்

புதுச்சேரிப் பகுதியில் அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. இப்பகுதியின் நிலப்பரப்பு தொடர்ச்சியானதன்று. தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுடன் பின்னிக் கிடக்கிறது. பாகூரிலிருந்து சிறிது தொலைவு சென்றாலே வேறு மாநிலத்தின் காவல் எல்லை வந்துவிடும். இதனால் "தமிழ்நாடு காவல்துறை", "புதுச்சேரி காவல்துறை" என எப்பெயரில் அழைப்பு வந்தாலும் அது ஊரார்க்கு இயல்பாகவே தோன்றக்கூடும்.

கூரை வீடுகளும் வைக்கோற்போர்களும் உள்ள ஊர்களில் தீயணைப்பு வீரர்மீது மக்களுக்கு நன்றியுணர்வு மிகுதி. அழைப்பவர் நாடுவது இந்த நன்றியுணர்வையே. நெல், கரும்பு பயிரிடும் குடும்பத்துக்கோ கூலி வேலை செய்பவருக்கோ ஆயிரம் ரூபாய் என்பது சில நாள் வருவாய் ஆகும். அது உரியவரைச் சேராவிட்டால் கொடுத்தவர் பணத்தை இழக்கிறார். உதவி தேவைப்படும் குடும்பத்துக்கும் எதுவும் கிடைப்பதில்லை.

முறையான நிதிகள்

* படைவீரர் கொடி நாள் நிதி: 1949 முதல் ஆண்டுதோறும் திசம்பர் 7 அன்று கொடி நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சிறு கொடிகளை வழங்கி நிதி திரட்டுவர். இந்நிதி முப்படைகளின் முன்னாள் வீரர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் உரியது. காவலருக்கு உரியது அன்று.
* பாரத் கே வீர்: 2017 ஏப்ரலில் உள்துறை அமைச்சகம் தொடங்கியது. மத்திய ரிசர்வ் காவல் படை, எல்லைப் பாதுகாப்புப் படை முதலிய மத்தியப் படைகளில் உயிரிழந்தோரின் குடும்பத்துக்கு நேரடியாக நன்கொடை வழங்கலாம். ஒரு குடும்பத்துக்கு 15 இலட்சம் ரூபாய் என உச்சவரம்பு வைக்கப்பட்டது. மாநில, ஒன்றியப் பகுதிக் காவலர்கள் இதில் அடங்கார்.
* நினைவு நாள்கள்: 1959 இல் லடாக்கில் உயிரிழந்த காவலர்களின் நினைவாக அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாளாகவும், 1944 பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஏப்ரல் 14 தீயணைப்புச் சேவை நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகின்றன. இந்நாள்களைச் சுட்டிப் பணம் கேட்பது மட்டுமே உண்மைத்தன்மைக்குச் சான்று ஆகாது.

மோசடி முறைகள்

உண்மையான நிதியின் பெயரைச் சிறிது மாற்றிப் பயன்படுத்துவது பரவலான முறை ஆகும். 2020 மார்ச்சில் பி. எம். கேர்சு நிதி அறிவிக்கப்பட்டவுடன், அதன் யூ.பி.ஐ. முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் குறைத்துப் போலி முகவரி உருவாக்கப்பட்டது. படையை நவீனமாக்க வங்கிக் கணக்கு தொடங்கப்பட்டுள்ளது என்னும் வாட்சப் செய்தி 2016 முதல் சுற்றி வருகிறது. பகல்காம் தாக்குதலுக்குப் பின்னர் 2025 ஏப்ரலில் அது மீண்டும் பரவியபோது, அச்செய்தி தவறானது எனப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. துயர நிகழ்வு நடந்த சில நாள்களில் இத்தகைய செய்திகள் பெருகுவது கவனிக்கத்தக்கது.

வரிவிலக்குச் சலுகை உண்டு எனக் கூறி நம்பவைப்பதும் உண்டு. 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 80ஜி என அறியப்பட்ட இச்சலுகை, ஒப்புதல் பெற்ற அமைப்புகளுக்கு மட்டுமே உரியது. 2,000 ரூபாய்க்கு மேல் பணமாகக் கொடுத்தால் கிடைக்காது. ஆகவே பெருந்தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு வரிச்சலுகை உண்டு என்பவரின் கூற்றே முரண்பட்டது.

கொடுக்கலாமா?

கொடுப்பதை ஆதரிப்போர், ஆபத்தான பணியில் இருப்பவர்களுக்கு அரசு தரும் உதவி போதாமலோ காலந்தாழ்ந்தோ வரக்கூடும் என்கின்றனர். எதிர்ப்போர், அரசு ஊழியர் நலன் அரசின் கடமை என்றும், தனியார் பணம் கடமையின் நடுநிலையைக் கெடுக்கும் என்றும் கூறுகின்றனர்.

இவ்விரு கருத்துகளும் கொடுப்பது பற்றியவை. தொலைபேசியில் கொடுப்பது பற்றியவை அல்ல. உதவ விரும்புபவர் தாமே நிதியைத் தேர்ந்து, அதன் அதிகாரப்பூர்வ வழியில் செலுத்தினால், ஆள்மாறாட்டத்துக்கு இடம் பெரிதும் குறைகிறது. வந்த அழைப்பில் பணம் கொடுக்க மறுப்பது வீரர்களுக்கு உதவ மறுப்பது ஆகாது.

அழைப்பு வந்தால்

# அழைப்பவர் தரும் எண்ணையோ இணைப்பையோ பயன்படுத்தாமல், வில்லியனூர், பாகூர் போன்ற அருகிலுள்ள ஊரின் காவல் நிலையத்துக்கு அல்லது உரிய துறை அலுவலகத்துக்கு நேரில் சென்று, இசைவு பெற்ற நிதி ஏதேனும் உண்டா எனக் கேட்கலாம்.
# அவசர எண்களான 100, 101, 112 ஆகியவை உதவி கோருவதற்கானவை. நன்கொடை திரட்டுவதற்கானவை அல்ல.
# யூ.பி.ஐ. இரகசிய எண் பணம் அனுப்புவதற்கே தேவை. அந்த எண்ணையும் ஒருமுறை கடவுச்சொல்லையும் எவரிடமும் கூறக் கூடாது.
# "இன்றே கடைசி நாள்", "பெயர் பட்டியலில் சேரும்", "வண்டியில் ஒட்ட வில்லை தருவோம்" என அவசரமோ சலுகையோ காட்டினால் அழைப்பைத் துண்டிப்பது நன்று.

சட்டமும் முறையீடும்

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதையின் 204 ஆம் பிரிவின்படி, அரசு ஊழியர்போல நடித்துச் செயற்படுவது குறைந்தது ஆறு மாதம், கூடியது மூன்றாண்டு சிறைத்தண்டனைக்கு உரியது. 318 ஆம் பிரிவு ஏமாற்றுதலையும், 319 ஆம் பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதலையும் குற்றமாக்குகின்றன. கணினி அல்லது தொடர்புக் கருவி வழியாக ஆள்மாறாட்டம் செய்வதற்கு 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு பொருந்தும்.

பணம் இழந்தவர் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். முறையீடு கிடைத்ததும், பணம் சென்ற வங்கிகளைத் தொடர்பு கொண்டு எஞ்சிய தொகையை முடக்க இவ்வமைப்பு முயல்கிறது. காலம் தாழ்ந்தால் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும். தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்திலும் பதிவு செய்யலாம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதையின் 173 ஆம் பிரிவு கூறுகிறது. இரு மாநில எல்லைகள் பின்னிக் கிடக்கும் பாகூர், வில்லியனூர் மக்களுக்கு இவ்விதி குறிப்பாகப் பயன்படும்.

இவற்றையும் பார்க்கவும்

* படைவீரர் கொடி நாள்
* பாரத் கே வீர்
* புதுச்சேரி காவல்துறை
* வில்லியனூர்
* பாகூர்