விபத்தில் கைவிடப்பட்ட வாகனத்தைத் தெரியாமல் வாங்கியவருக்கு என்ன உரிமை?

கார் வாங்கி இரண்டு மாதம். முன் டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்கின்றன. என்னவென்று பார்க்கக் கொடுத்தால், கராஜ் பாஸ் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "முன்பக்கம் முழுக்க வெட்டி ஒட்டின வாகனம் இது. வாங்கேக்க சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. "ஒரு கீறல்கூட விழாத வாகனம்" என்றுதான் விற்றவர் சொன்னார்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய வாகனம் வராத அந்த ஐந்து ஆண்டுகளில் நொறுங்கிய வாகனத்துக்கும் நல்ல விலை இருந்தது. அப்படித் திருத்தப்பட்டவை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஏமாந்தவருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதில் ஒரு வழி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்தில் மூடிவிடுகிறது.

'டோட்டல் லொஸ்' என்றால் என்ன?

விபத்துக்குள்ளான வாகனத்தைத் திருத்தும் செலவு அதன் பெறுமதியை நெருங்கினாலோ தாண்டினாலோ, காப்புறுதி நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணித்து உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். சிதைந்த வாகனம் கேள்விமனு மூலமோ ஏலத்திலோ விற்கப்படும். சில வேளைகளில், கொடுக்க வேண்டிய தொகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு உரிமையாளரிடமே விடப்படும்.

அதை வாங்கித் திருத்துவதோ மறுபடி விற்பதோ குற்றமல்ல. வாங்குபவரிடம் மறைப்பதும் பொய் சொல்வதும்தான் பிரச்சினை. பிரித்தானியாவில் இப்படிக் கைவிடப்பட்டு, திருத்தக்கூடிய நிலையில் உள்ள வாகனங்கள் சேதத்தின் தன்மைக்கேற்ப 'எஸ்', 'என்' என்று வகைப்படுத்தப்படுகின்றன. நமது பதிவுப் புத்தகத்தில் செசி இலக்கம், இயந்திர இலக்கம், முன்னைய உரிமையாளர்கள், நிறம், உற்பத்தி ஆண்டு எல்லாம் உண்டு. விபத்து பற்றி ஒரு வரி கிடையாது. ஆகவே புத்தகம் சுத்தமாக இருக்கிறது என்பதால் வாகனமும் சுத்தமானது என்று நினைக்க முடியாது.

விற்றவர் யார்?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். விற்றவர் வாகன வியாபாரி என்றால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் உங்களுக்குத் துணை வரும். அதன் 30ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை வியாபாரிக்குத் தடை செய்கிறது. பொருளின் தரம் பற்றிப் பொய்யாகச் சொல்வதை 31ஆம் பிரிவு தடுக்கிறது. வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுக்கப்பட்ட உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றால், 13ஆம் பிரிவின் கீழ் முறைப்பாடு செய்யலாம். விசாரணைக்குப் பின் இழப்பீடு கொடுக்கும்படியோ, மாற்றிக் கொடுக்கும்படியோ, பணத்தைத் திருப்பித் தரும்படியோ உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு.

இந்த 13ஆம் பிரிவு முறைப்பாட்டைத்தான் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கணக்கு தொடங்குவது வாங்கிய நாளிலிருந்து. நீங்கள் குறையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல. "செய்து தாறன், கொஞ்சம் பொறுங்கோ" என்று வியாபாரி சொல்லச் சொல்லக் காத்திருப்பவர்கள் இந்தக் காலத்தைத் தவறவிடுகிறார்கள். ஆலோசனைக்கு அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்.

விற்றவர் தன் சொந்த வாகனத்தை விற்ற தனிநபர் என்றால் இந்தச் சட்டம் உதவாது. ஒரு எச்சரிக்கை: தன் பெயருக்கு மாற்றாமல் 'ஓப்பின் பேப்பரில்' வாகனங்களை வாங்கி விற்கும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். புத்தகத்தில் உள்ள பெயர் வேறு, நீங்கள் பணம் கொடுத்தவர் வேறு என்றால், பணம் யார் கைக்குப் போனது என்பதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

சொன்னது என்ன?

1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வியாபாரிக்கும் தனிநபருக்கும் பொருந்தும். விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. ஆகவே விளம்பரத்தில் இருந்த "விபத்தில்லாத வாகனம்" என்ற ஒரு சொற்றொடர் பின்னர் உங்கள் வழக்காகவே மாறலாம்.

அந்த வகைப் பொருளை வழக்கமாக விற்பவரிடம் வாங்கினால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வாங்கும்போது நீங்கள் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அது பொருந்தாது. பெயின்டுக்கு அடியில் மறைந்திருந்த வெல்டிங் வேறு கதை.

"பார்த்துத் திருப்தியடைந்து வாங்கினேன்" என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா? அது சில உரிமைகளைக் குறைக்கக்கூடும். ஆனால் வேண்டுமென்றே சொன்ன பொய்யை அந்த வரி காப்பாற்றாது.

உண்மை தெரிந்த பிறகும் வாகனத்தைத் தொடர்ந்து ஓடினால், திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கும் உரிமை பலவீனப்படும். பெறுமதிக் குறைவுக்கான நட்டஈடு மட்டுமே மிஞ்சலாம்.

பொலிஸும் நீதிமன்றமும்

தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு மோசடியை வரையறுக்கிறது. நேர்மையற்ற முறையில் உண்மையை மறைப்பதும் ஏமாற்றலே என்று அதன் விளக்கம் சொல்கிறது. ஏமாற்றிப் பணத்தைக் கையளிக்கச் செய்தல் 403ஆம் பிரிவில் வருகிறது. பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். ஆனால் விற்றவருக்கு உண்மை தெரிந்திருந்தது என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கும். செசி இலக்கம் வெட்டி ஒட்டப்பட்டதாகச் சந்தேகம் வந்தால் தாமதிக்க வேண்டாம். அந்த வாகனத்தை நீங்கள் இன்னொருவருக்கு விற்றால் சிக்கல் உங்களுடையதாகிவிடும்.

பணத்தை மீட்கும் வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. தொகை குறைவானால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியிருக்கலாம். எழுத்து மூல ஒப்பந்தத்தின் மீது 6 ஆண்டுகளுக்குள்ளும், வாய்மொழி ஒப்பந்தத்தின் மீது 3 ஆண்டுகளுக்குள்ளும் வழக்குத் தொடரலாம். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

தெரிந்த உடனே செய்ய வேண்டியவை

- வாகனத்தைப் பாவிப்பதை நிறுத்துங்கள். திருத்த வேலை தொடங்க வேண்டாம், அதுவே சான்று.
- விற்றவரோடு தொடர்பில்லாத ஒரு கராஜில் அல்லது மதிப்பீட்டாளரிடம் படங்களுடன் எழுத்தில் அறிக்கை பெறுங்கள்.
- விளம்பரம், வட்ஸ்அப் உரையாடல், பற்றுச்சீட்டு, வங்கிப் பரிமாற்றம் எல்லாவற்றையும் சேமியுங்கள். இணைய விளம்பரம் மறுநாளே அழிந்துவிடும்.
- என்ன சொல்லி விற்றார், என்ன தெரியவந்தது, என்ன வேண்டும், எத்தனை நாளில் என்று குறிப்பிட்டு விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்.
- லீசிங் இருந்தால் தவணையை நிறுத்த வேண்டாம். விற்றவர் மீதுள்ள கோபத்தில் தவணையை நிறுத்தினால் வாகனத்தை லீசிங் நிறுவனம் எடுத்துக்கொண்டு போகும். அவர்களுக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.
- உங்கள் காப்புறுதி நிறுவனத்திடமும் உண்மையைச் சொல்லுங்கள். காப்புறுதி முழு நம்பிக்கையின் மீது நிற்கும் ஒப்பந்தம். மறைத்தால் நாளை உங்கள் இழப்பீட்டுக் கோரிக்கையே மறுக்கப்படலாம்.

வாங்க இருப்பவர்களுக்கு

கண்ணாடிகளில் உள்ள உற்பத்திக் குறியீடும் சீட் பெல்ட் லேபலில் உள்ள திகதியும் வாகனத்தின் ஆண்டோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சாவியைத் திருப்பும்போது எயார் பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த வாகனமென்றால், செசி இலக்கத்துக்குரிய ஏலத் தாளைத் தேடிப் பாருங்கள். அதில் தரம் 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' என்றிருந்தால் விபத்துக்குப் பின் திருத்தப்பட்டது என்று பொருள். ஆனால் இலங்கைக்கு வந்த பின் நடந்த விபத்தை அந்தத் தாள் சொல்லாது.

பணம் கொடுக்கும் முன், விற்பனை உடன்படிக்கையில் இப்படி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்: "இவ்வாகனம் எக்காலத்திலும் முழு இழப்பாகக் கணிக்கப்படவில்லை, பாரிய விபத்துக்குள்ளாகவில்லை." உண்மையாக விற்பவர் தயங்காமல் எழுதுவார். அவர் தயங்கினால் அந்த வாகனத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.