கஞ்சா போதையா? ஒரு பழைய சட்ட விவாதம்

மது பற்றிய விதி திருக்குர்ஆனிலேயே உண்டு. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் எகிப்திலும் சிரியாவிலும் பரவிய ஹஷீஷ் எனும் கஞ்சாவுக்கு அத்தகைய நேரடி விதி இல்லை. அதை உண்டவனுக்கும் குடிகாரனுக்குரிய கசையடி உண்டா என்ற வினா எழுந்தது.

கெய்ரோவில் வாழ்ந்த மாலிகி அறிஞர் இமாம் கராஃபி (மறைவு 1285) 'அல்ஃபுரூக்' நூலில் விடை தேடும் முறை நம்மை வியக்க வைக்கிறது. செடியை விட்டுவிட்டு, உண்டவனையே அவர் உற்று நோக்குகிறார். குடித்தவனிடம் களிப்பும் துணிவும் பொங்குகின்றன. ஆயுதம் ஏந்திப் பாய்கிறான். கஞ்சா உண்டோர் கூடுமிடத்தில் சண்டை இல்லை. சளி மிகுந்த உடலினன் உறங்கி மௌனமாகிறான். கரும்பித்தம் மிகுந்தவன் அழுகிறான். எனவே அது போதைப்பொருளன்று, அறிவைக் கெடுக்கும் பொருள். வரையறுத்த தண்டனையான 'ஹத்து' பொருந்தாது, நீதிபதி தம் விருப்பப்படி விதிக்கும் 'தஃஸீர்' போதும் என்றார். புலன்களையே மறைப்பவை அவர் கணக்கில் மூன்றாம் வகை.

இமாம் இப்னு தைமிய்யா (மறைவு 1328) இதை மறுத்தார். இன்பம் கண்டு மீண்டும் மீண்டும் நாடுகிறார்களே, அது போதையன்றி வேறென்ன என்பது அவர் வாதம், கசையடியையே விதித்தார்.

கஞ்சாவின் செயல்பொருள் 1964இல் பிரித்தெடுக்கப்பட்டது. மூளையில் அது பற்றும் ஏற்பியின் அமைப்பு 1990இல் தெரியவந்தது. நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸிலும் அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையிலும் அவ்வேற்பிகள் செறிந்துள்ளன. மதுவின் வழி வேறு. காபா ஏற்பிகள் வாயிலாக மூளையின் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது. வகை பிரித்ததில் கராஃபியே நுட்பமானவர் என நாம் கருதுகிறோம். ஆயினும் டோபமைனைத் தூண்டுவது இரண்டுக்கும் பொது. இப்னு தைமிய்யா சுட்டிய நாட்டம் பிறப்பது அங்கேதான்.