தற்செயலும் காவலும்

பொருளைத் தேடுதல் ஒரு கலை. தேடிய பொருளைக் காத்தல் மற்றொரு கலை. ஏடும் எழுத்தும் மாந்தர் தேடிய பெரும்பொருளே. இந்நாளில் அவை ஓலையிலும் தாளிலும் மட்டும் உறைவதில்லை. கணிப்பொறிகளின் தரவுத்தளங்களிலும் உறைகின்றன. அவற்றைக் காப்பதில் வல்லுநர்களும் எவ்வாறு தவறினர், தவறிய பின் எவ்வாறு மீண்டனர் என்பதை 2017 ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு கூற விரும்புகின்றேன்.

முதல் நிகழ்ச்சி கிட்லேப் என்னும் நிறுவனத்தில் நிகழ்ந்தது. மென்பொருள் எழுதுவோர் தம் படைப்புகளைச் சேமித்து வைக்கும் இணையப் பண்டகசாலை அது. அதற்கு முதன்மைத் தரவுத்தளம் ஒன்றும், அதில் எழுதப்பெறுவதை உடனுக்குடன் பிரதி செய்துகொள்ளும் துணைத்தளம் ஒன்றும் இருந்தன. ஜனவரி 31 அன்று இரவு, துணைத்தளம் முதன்மையோடு ஒத்துச் செல்ல இயலாமல் நின்றுவிட்டது. அதைச் சீர்செய்யப் புகுந்த பொறியாளர், துணைத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டு மீண்டும் பிரதியெடுக்க எண்ணினார். ஆனால், அழிக்கும் ஆணையை அவர் இட்டதோ முதன்மை வழங்கியில்! ஓரிரு நொடிகளில் பிழையை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியது.

காப்புப் பிரதி இல்லையோ என்று நீங்கள் வினவலாம். உண்டு என்றே அனைவரும் நம்பியிருந்தனர். நாள்தோறும் பிரதியெடுத்து வேறோர் இடத்தில் சேர்க்கும் ஏற்பாடு இருந்தது. அவ்விடத்தைத் திறந்து பார்த்தபோது அது வெறுமையாய்க் கிடந்தது. தரவுத்தள மென்பொருளின் பதிப்பு 9.6, பிரதியெடுக்கும் கருவியின் பதிப்போ 9.2. இரண்டும் பொருந்தாமையால் பிரதியெடுப்பு தோற்றது. அத்தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும், அனுப்பியவர் இன்னார் என்பதற்குரிய சான்றில்லாமையால் மறுக்கப்பட்டன. காவலன் உறங்கினான், அதைச் சொல்ல வந்த தூதனும் வாயிலில் தடுக்கப்பட்டான்.

எனினும், விபத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முன்னர், சோதனைப் பணியின் பொருட்டுப் பொறியாளர் ஒருவர் தாமாகவே ஒரு பிரதி எடுத்திருந்தார். விபத்தை எதிர்நோக்கி எடுத்ததன்று அது. ஆயினும் அதுவே நிறுவனத்தைக் காத்தது. அதனைக் கொணர்ந்து சேர்ப்பதற்கே பல மணி நேரம் பிடித்தது. மறுநாள்தான் தளம் மீண்டது. இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் மீளவில்லை. ஏறத்தாழ 5,000 திட்டங்களும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் அவ்விழப்புக்கு ஆளாயின. நிறுவனத்தார் இதனை மறைக்கவில்லை. மீட்புப் பணியை உலகோர் காண நேரலையில் காட்டினர். காரணங்களையும் விரிவாக எழுதி வெளியிட்டனர். அதனாலன்றோ நாம் இன்று பாடம் பெறுகின்றோம்!

இரண்டாம் நிகழ்ச்சி கைப்பிழையால் வந்ததன்று, பகையால் வந்தது. அவ்வாண்டு ஜூன் 27 அன்று, நாட்பெட்யா என்னும் அழிவு நிரல் உக்ரைனில் வழங்கிய ஒரு கணக்கு மென்பொருளின் வாயிலாகப் புகுந்து, டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தையும் தாக்கியது. பயனர் யார், அவர் எங்கெங்கு நுழையலாம் என்பதைக் குறித்து வைக்கும் பேரேட்டை, உலகெங்கும் ஏறத்தாழ 150 வழங்கிகளில் அந்நிறுவனம் வைத்திருந்தது. அவை ஒன்றோடொன்று இணைந்தவை. ஒன்று கெட்டால் மற்றொன்றிலிருந்து மீட்கலாம் என்று கருதினர். எல்லாம் ஒருங்கே கெடும் என்று கருதினாரில்லை.

கானா நாட்டில் இருந்த ஒரே ஒரு வழங்கி தப்பியது. தாக்குதலுக்கு முன்னரே அங்கு மின்சாரம் தடைப்பட்டு, அது பிணைப்பற்று நின்றதே காரணம். அப்பேரேட்டை இணையத்தின் வழியே இங்கிலாந்துக்கு அனுப்ப முயன்றால் பல நாள் ஆகும். கானா ஊழியர்க்கோ அந்நாட்டு நுழைவுரிமை இல்லை. ஆகவே ஒருவர் நைஜீரியா வரை சென்று, விமான நிலையத்தில் அத்தரவு வட்டை மற்றொருவர் கையில் ஒப்படைத்தார். பத்தே நாளில் 4,000 வழங்கிகளையும் 45,000 கணிப்பொறிகளையும் புதிதாக நிறுவியதாக, அந்நிறுவனத்தின் தலைவர் 2018 ஜனவரியில் டாவோஸில் கூறினார்.

இவ்விரண்டையும் எண்ணுந்தோறும் எனக்கு ஓர் அச்சம் எழுகின்றது. இரு நிறுவனங்களையும் காத்தது முறையான காவலன்று, தற்செயலே. தற்செயல் எப்போதும் துணை வாராது. ஆதலின், ஒரு பிரதியேனும் மூலத்தோடு பிணைப்பின்றித் தனியிடத்தில் இருத்தல் வேண்டும். பிறர் கவராவண்ணம் அதனை மறையாக்கிப் பூட்டுதல் வேண்டும். பூட்டைத் திறக்கும் சாவியை வேறிடத்தில் பேணுதல் வேண்டும். அனைத்தினும் மேலாக, குறித்த நாள்தோறும் பிரதியிலிருந்து தரவை மீட்டுப் பார்த்தல் வேண்டும். அப்பொறுப்பு இன்னாருடையது என்று பெயர் குறித்து ஒப்படைத்தலும் இன்றியமையாதது.

இவ்வுரையை எழுதி முடித்ததும், என் எழுத்துகளின் பிரதியைத் தனித்ததொரு வட்டில் சேர்த்தேன். சேர்த்ததோடு அமையாது, அதை வேறொரு கணிப்பொறியில் திறந்து, முதல் வரி முதல் இறுதி வரி வரை இருக்கக் கண்ட பின்னரே துயிலச் சென்றேன்.