பனச்சமூட்டு எல்லையும் எளிமையாக்கலின் வரலாறும்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கேரளமும் தமிழ்நாடும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அமைந்த சந்தையூர் பனச்சமூடு. பாறசாலையையும் களியக்காவிளையையும் இணைக்கும் நெடுஞ்சாலைக்குரிய புகழ் இதற்கில்லை. ஆயினும், வணிக விதிகளை எளிமையாக்குவதால் யார் பயனடைகின்றனர் என்ற கேள்விக்குத் தொழிற்கூட்டமைப்புகளின் அறிக்கைகளைவிட இத்தகைய எல்லையூர்களே தெளிவான சான்று தருகின்றன.

இங்குள்ள எல்லைக்கோடு பழையதன்று. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தென்திருவிதாங்கூர் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோதுதான் அது தோன்றியது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதுவரை ஒரே அரசின் அண்டை வட்டங்களாக இருந்தவை இரண்டு வரிச் சட்டங்களின் கீழ் வந்தன.

அதற்கு முன்னர் திருவிதாங்கூரின் சுங்க எல்லை கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்தது. சௌக்கைகளில் சரக்கு நிறுத்தப்பட்டுத் தீர்வை வாங்கப்பட்டது. திவான் மாதவராவ் காலத்தில், 1865இல், திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா ஆகியவற்றுக்கிடையே ஏற்பட்ட வணிக உடன்படிக்கை இத்தடைகளை அகற்றியது. இதைத் தடையற்ற வணிகத்தின் வெற்றியாகவே பல நூல்கள் எழுதுகின்றன. அது பாதி உண்மை. தடை நீங்கியதற்கு விலையாகத் திருவிதாங்கூர் பிரிட்டிஷ் இந்தியாவின் தீர்வை விகிதங்களை ஏற்க வேண்டியிருந்தது. சௌக்கையோடு, தன் தீர்வையைத் தானே வகுக்கும் உரிமையும் சென்றது.

1956க்குப் பின் சௌக்கையின் இடத்தில் சோதனைச் சாவடி வந்தது. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம், கேரளத்தில் 1963ஆம் ஆண்டின் சட்டம், இரண்டுக்கும் மேலே மத்திய விற்பனை வரி, அதற்குரிய சி படிவம் எனத் தாள்கள் பெருகின. கேரளம் 2005 ஏப்ரலில் மதிப்புக் கூட்டு வரிக்கு மாறிற்று. தமிழ்நாடு 2007 ஜனவரியில்தான் மாறிற்று. இடைப்பட்ட 21 மாதங்கள் இந்த எல்லையின் இரு பக்கமும் வரிக் கணக்கின் இலக்கணமே வேறு.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் அமரவிளை உள்ளிட்ட வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. லாரிகளின் காத்திருப்பு குறைந்தது; இது மெய்யான ஆதாயம், மறுப்பதற்கில்லை. ஆனால் சாவடியின் வேலை மறையவில்லை. கடையின் கணினிக்கு இடம்பெயர்ந்தது. மாநிலங்களுக்கிடையே 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு மின்வழிச் சீட்டு 2018 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானது. அதே ஆண்டு பிப்ரவரி 1 அன்று தொடங்க முயன்றபோது இணையதளம் சுமை தாங்காமல் முடங்கியதால்தான் இந்த இரண்டு மாதத் தாமதம்.

எல்லையூருக்கு மிகவும் உறுத்துவது மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. மாநிலத்துக்குள் சரக்கு விற்பவர் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு செய்ய வேண்டியதில்லை. வரிக்குரிய சரக்கை அடுத்த மாநிலத்துக்கு அனுப்புபவரோ முதல் ரூபாயிலிருந்தே பதிவு செய்தாக வேண்டும். இணக்க வரித் திட்டத்தில் இருக்கும் சிறு வணிகர் எல்லை தாண்டி விற்கவே இயலாது. காய்கறியும் மரச்சீனியும் பச்சையாக விற்கப்படும்வரை வரிவிலக்கு உண்டு. தன் தோட்டத்து விளைச்சலை மட்டும் விற்கும் விவசாயிக்கும் பதிவு தேவையில்லை. ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் சிறு வியாபாரிக்கு அந்த விலக்கு இல்லை. அவர் பனச்சமூட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அனுப்பினால் ஒரு சட்டம். கூப்பிடு தூரத்தில் உள்ள தமிழ்நாட்டுக் கிடங்குக்கு அனுப்பினால் மற்றொன்று. தூரமன்று, கோடே கணக்கு.

தொழில்துறையின் குரல் இதில் எங்கே நிற்கிறது? வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் மாநிலந்தோறும் பதிவு செய்வதற்கு மாற்றாக நாடு முழுவதற்கும் ஒரே பதிவு வேண்டும் எனக் கோரின, அது ஏற்கப்படவில்லை. ஆனால் அவற்றிடம் மென்பொருளும் கணக்காயர் அணியும் உண்டு. மின்விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் உடையோருக்குத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கியது. பெருநிறுவனத்தின் அளவுக்குத் தைத்த சட்டை மூன்றே ஆண்டுகளில் சிறியவர்மீதும் போர்த்தப்பட்டது. ஐரோப்பிய ஆணையம் 2025 நவம்பரில் தன் மின்னணு விதிகளைத் தளர்த்த முன்மொழிந்தபோதும் போட்டித்திறனே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. யாருடைய போட்டித்திறன் என்பதை அங்கும் கேட்க வேண்டியிருக்கிறது.

24ஆம் பிரிவைத் தளர்த்த முடியாது என்பதும் சரியன்று. 2017 அக்டோபரிலேயே, மாநில எல்லை கடந்து சேவை வழங்கும் சிறியோருக்குப் பொதுவாக 20 லட்சம் ரூபாய் வரை பதிவிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. கைவினைப் பொருள்களுக்கும் தனி விலக்கு உண்டு. ஆகவே திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு சென்னை வாடிக்கையாளருக்கு வடிவமைப்புப் பணி செய்யும் சிறு சேவையாளருக்குக் கிடைத்த சலுகை, பனச்சமூட்டில் ரப்பர் ஷீட் அனுப்புபவருக்குக் கிடைக்கவில்லை. 2025 நவம்பர் 1 முதல் மாத வரிப் பொறுப்பு 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாது என அறிவிக்கும் விண்ணப்பதாரர் மூன்று வேலைநாள்களில் பதிவு பெறலாம். பதிவு கிடைப்பது விரைந்தது. பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் அப்படியே உள்ளது.