கொல்லிப்பாவை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் மேற்குப் பக்கத்தில் இருந்ததாகச் சங்கப் பாடல்கள் கூறும் பெண்ணுருவம். உயிரற்ற ஒன்று தானே அறிந்து தானே செயல்படும் என்னும் எண்ணம் தமிழில் வளர்ந்த விதத்தைக் காட்டுவதால், செயற்கை அறிவு பற்றிய சிந்தனையிலும் இதற்கு இடமுண்டு.

சான்றுகளில் பெரும்பகுதி சங்க காலத்தவை. குறுந்தொகை 89 மலையில் தெய்வம் எழுதியது என்கிறது; அகநானூறு 209 கடவுள் ஆக்கியது என்கிறது; நற்றிணை 192 பூதத்தின் வேலை என்கிறது. ஓவியமா, சிலையா, பாறையின் இயல்பான வடிவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மலைக்கு உரியவரும் மாறுகின்றனர். புலவர் கபிலர் அதைக் குறுநிலத் தலைவன் ஓரியின் மலை என்கிறார். புலவர் பரணருக்கு அது சேர மன்னனுடையது. ஓரியைக் கொன்ற மற்றொரு தலைவன் காரி மலையைச் சேரருக்குக் கொடுத்தான் என்ற அகநானூற்றுச் செய்தியோடு இவ்விரண்டும் அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் சான்றுகள் தமக்குள் ஒத்துப்போவது பாவை இருந்ததற்கு உறுதி ஆகிவிடாது. நற்றிணை 201இல் காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் பாவை உருக்குலைவதில்லை. தன் நெஞ்சைவிட்டு நீங்காத பெண்ணுக்குத் தலைவன் சொல்லும் உவமை அது. இப்பாடல்கள் எதிலும் பாவை நகைப்பதில்லை, கொல்வதுமில்லை.

இடைக்காலத்தில் பாவை பெரும்பாலும் அழகுக்கு உவமையாகவே நிற்கிறது.

பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் நற்றிணை உரை (1915) தரும் கதையில் அது பொறி அமைந்த பாவை; அரக்கர் வாடை பட்டதும் நகைத்து, மயக்கி, கொல்லும். வாடை என்ற ஒரே குறியை நம்பித் தீர்ப்பளிக்கும் கருவி இது. குறியைக் கொண்டு பொருளை அறிவதைக் கருத்தளவை என்பர். மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இதன் பிழைகளை விரிவாக வகுக்கிறார். ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராதபோதே புகை எனக் கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது அவற்றுள் ஒன்று. 

2016இல் வெளியான ஓர் ஆய்வில், வேண்டுமென்றே குறையுள்ள பயிற்சி பெற்ற கணினி நிரல், பாவை வாடையை நம்பியதுபோல் ஒரே குறியை நம்பி, படத்தின் பின்னணியில் வெண்பனி இருந்தால் நாயையும் ஓநாய் என்றது.

மலைமேல் உள்ள எட்டுக்கை அம்மனே கொல்லிப்பாவை என்பது இன்றைய வழக்கு. மேற்கண்ட சங்கப் பாடல்களில் எட்டுக் கைகள் பற்றிய குறிப்பு இல்லை.