மனநிலைச் சுழற்சியும் உயிரியல் கடிகாரமும்

மனச்சோர்வும், மேனியா எனப்படும் அளவுமீறிய மன எழுச்சியும், இடையிடையே இயல்பு நிலையும் ஒருவரிடம் மாறிமாறி வருவது மனநிலைச் சுழற்சி எனப்படும். பைபோலார் என்று பரவலாக அறியப்படும் இருமுனையக் கோளாறின் முதன்மை இயல்பு இதுவே. உடலின் 24 மணி நேரக் கடிகாரத்தோடு இச்சுழற்சிக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. ஆகவே தூக்கம், விழிப்பு, வெளிச்சம், உணவு வேளை ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதும் மருந்தோடு சேர்ந்த சிகிச்சையின் ஒரு பகுதி.

வரையறை

பிரெஞ்சு மருத்துவர் ஜான்-பியர் ஃபால்ரே 1850களில் இதைச் சுழன்று வரும் ஒரு தனி நோயாக விவரித்தார். 1899இல் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் சோர்வையும் எழுச்சியையும் ஒரே நோயின் இரு நிலைகளாகத் தொகுத்தார். இன்றைய வரையறைப்படி மேனியா பொதுவாக ஒரு வாரமாவது நீடிக்க வேண்டும். மனச்சோர்வு 2 வாரமாவது நீடிக்க வேண்டும். காலையில் சிரித்துப் பேசி மாலையில் எரிந்து விழுபவரையெல்லாம் பைபோலார் என்று சொல்வது தவறு. ஓராண்டில் 4 அல்லது அதற்கு மேற்பட்ட முறை நோய்நிலை வந்தால் அது விரைவுச் சுழற்சி.

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, வாழ்நாளில் இக்கோளாறுக்கு ஆளாவோர் வயதுவந்தோரில் ஏறத்தாழ 0.5 சதவீதம். இவர்களில் சுமார் 70 சதவீதத்தினருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது.

உடலின் கடிகாரம்

மூளையின் ஹைப்போதலாமஸில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு தொகுதி தலைமைக் கடிகாரமாக இயங்குகிறது. இருட்டியதும் மெலடோனின் சுரப்பதும், விடியலை ஒட்டி கார்ட்டிசோல் உயர்வதும் இதன் கட்டுப்பாட்டில்தான். இக்கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். கண்ணில் படும் பகல் வெளிச்சம் அதை நாள்தோறும் திருத்தி வைக்கிறது. உயிரணுக்களுக்குள் இக்கடிகாரத்தை ஓட்டும் மூலக்கூறு இயங்குமுறையைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவரும் 2017ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர்.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் எம். கே. சந்திரசேகரன், வெளி வெளிச்சமும் கடிகாரமும் எட்டாத தனிமை அறையில் தன்னார்வலர்களைத் தங்கவைத்து ஆராய்ந்தார். அங்கே தங்கிய ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி, தூக்கம்–விழிப்புத் தாளத்தோடு பிணைந்திருக்கவில்லை என்று அவர் குழு 1991இல் ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில் எழுதியது. உடலில் பல தாளங்கள் ஓடுகின்றன, எல்லாம் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை அல்ல என்பதற்கு இது சான்று.

நாளும் பருவமும்

கடுமையான மனச்சோர்வில் பலர் வழக்கத்துக்கு 2 மணி நேரம் முன்பே விழித்துக்கொள்வார்கள். காலையில் மனப்பாரம் அதிகம். மாலையில் சற்றுத் தணியும். “சாயங்காலம் நன்றாகத்தானே பேசினாய், காலையில் என்ன சோம்பல்?” என்று வீட்டார் கடிந்துகொள்வது இது தெரியாததால்தான்.

மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலின் குழு 1984இல் விவரித்த குளிர்காலச் சோர்வு, பகல் மிகவும் சுருங்கும் நாடுகளுக்குரியது. லண்டனில் டிசம்பரின் மிகக் குறுகிய பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. வடக்கே 13 பாகையில் உள்ள சென்னையிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு சுமார் ஒன்றரை மணி நேரம்தான். எனவே இங்கே கடிகாரத்தைக் குலைப்பது பெரும்பாலும் வாழ்க்கை முறையே.

சென்னைச் சூழல்

அடையாறிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்கு இரவுப் பணிக்குச் செல்பவர், தீபாவளி நேரத்தில் தியாகராய நகர்க் கடைகளில் நள்ளிரவுவரை நிற்கும் ஊழியர், பொதுத்தேர்வுக்கு விடிய விடியப் படிக்கும் மாணவர், சிவராத்திரிக்கு மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலில் கண்விழிப்பவர் ஆகிய எல்லோருக்கும் தூக்கம் கெடுகிறது. பெரும்பாலோர் மறுநாள் தூங்கி ஈடுகட்டிவிடுவார்கள். இருமுனையக் கோளாறு உள்ளவருக்கு ஒரே இரவின் கண்விழிப்பும் மேனியாவைக் கிளப்பிவிடக்கூடும். அதற்காக அவர் சிவராத்திரி வழிபாட்டை விட வேண்டியதில்லை. முதல் கால பூசையைத் தரிசித்துவிட்டு வழக்கமான நேரத்தில் வந்து படுத்தால் போதும்.

சாதாரணத் தூக்கமின்மையில் மறுநாள் உடல் அசந்துபோகும். மேனியாவின் தொடக்கத்தில் 3 மணி நேரம் தூங்கியவரும் களைப்பே இல்லாமல் எழுந்து, மூச்சுவிடாமல் பேசி, கையிருப்பைச் செலவழிக்கத் தொடங்குவார். குடும்பத்தார் முதலில் கவனிக்க வேண்டிய அறிகுறி இதுவே.

சிகிச்சை

ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் 1949இல் அறிமுகப்படுத்திய லித்தியம் இன்றும் முதன்மை மருந்து. அது உயிரியல் கடிகாரத்தின் வேகத்தையும் மாற்றுகிறது. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால் ரத்தப் பரிசோதனை கட்டாயம். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்தே ரத்தம் எடுக்க வேண்டும்: இரவு 9 மணிக்கு விழுங்கியவர் காலை 9 மணிக்கு, அன்றைய காலை மாத்திரைக்கு முன்பாக. ரத்தத்தில் லித்தியத்தின் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல்வரை இருக்கலாம்.

கத்திரி வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றினால் இந்த அளவு ஏறிவிடும். உப்பைத் திடீரெனக் குறைப்பதும், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவதும் அதே கேட்டைச் செய்யும். கை பலமாக நடுங்குதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குழறல், தள்ளாட்டம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எல்லன் ஃப்ராங்க் உருவாக்கிய தாளச் சிகிச்சை 5 நேரங்களைக் குறித்துவரச் சொல்கிறது: படுக்கையை விட்டு எழுவது, முதன்முதலில் ஒருவரோடு பேசுவது, வேலை தொடங்குவது, இரவுச் சாப்பாடு, படுக்கைக்குச் செல்வது. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகமே போதும். பக்கத்தில் அன்றைய மனநிலையையும் எழுதிவந்தால் அடுத்த சுழற்சி வருவதை மருத்துவர் முன்கூட்டியே காண முடியும். லஸ் அருகிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ பெசன்ட் நகர்க் கடற்கரையிலோ நாள்தோறும் ஒரே நேரத்தில் காலை நடை போவது கடிகாரத்துக்குத் தேவையான வெளிச்சத்தைத் தரும்.

உதவி

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கியது. ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தை டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவினார். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மனம் தேறிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தியவர்களுக்கு நோய் பெரும்பாலும் திரும்பி வருகிறது. நிறுத்துவதையும் குறைப்பதையும் மருத்துவர் முடிவுக்கு விடுங்கள். தூங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் காப்பது உங்கள் கையில் உள்ளது.