நரமல்லி சிவபிரசாத்: சத்தியவேடு முதல் நாடாளுமன்றம் வரை ஓர் அரசியல் பயணம்

ஆந்திரப் பிரதேசத்தின் சத்தியவேடு சட்டமன்றத் தொகுதியில் தேர்தல் அரசியலைத் தொடங்கி, மாநில அமைச்சராகவும் சித்தூர் மக்களவை உறுப்பினராகவும் பணியாற்றியவர் நரமல்லி சிவபிரசாத். மருத்துவர், நடிகர், இயக்குநர் எனப் பல அடையாளங்கள் அவருக்கு இருந்தன. ஆனால் நாடு அவரை அறிந்துகொண்டது, ஆந்திராவுக்குச் சிறப்பு அந்தஸ்து கோரி நாடாளுமன்ற வளாகத்தில் அவர் போட்ட வேடங்களின் மூலம்தான்.

தமிழக எல்லைத் தொகுதி

வேதநாராயண சுவாமி கோயிலால் அறியப்படும் நாகலாபுரம், சத்தியவேடு தொகுதியில் அடங்கியது. ஊத்துக்கோட்டை வழியாக சென்னையிலிருந்து திருப்பதி செல்வோர் கடந்து செல்லும் ஊர் இது. பிரதோஷ வழிபாட்டுக்குத் தமிழக பக்தர்கள் திரளும் சுருட்டப்பள்ளி பள்ளிகொண்டேஸ்வரர் கோயிலும் நாகலாபுரம் மண்டலத்திலேயே உள்ளது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2022 ஏப்ரல் 4 அன்று உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது.

சத்தியவேடு பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. எந்தக் கட்சிக்கும் நிரந்தரக் கோட்டையாக இது இருந்ததில்லை. 1999-இல் தெலுங்கு தேசம், 2004-இல் காங்கிரஸ், 2009 மற்றும் 2014-இல் தெலுங்கு தேசம், 2019-இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், 2024-இல் மீண்டும் தெலுங்கு தேசம் என இத்தொகுதி மாறி மாறித் தீர்ப்பளித்துள்ளது.

மருத்துவம், திரைத்துறை, அமைச்சர் பதவி

சித்தூர் மாவட்டத்தில் 1951 ஜூலை 11 அன்று பிறந்த சிவபிரசாத், திருப்பதி எஸ்.வி. மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். நாடகத்தின் மீதான ஈடுபாடு அவரைத் தெலுங்குத் திரையுலகுக்குக் கொண்டு சென்றது. 1991-இல் வெளியான 'பிரேம தபஸ்ஸு' படத்தை அவர் இயக்கினார். பிற்காலத்தில் நகரி தொகுதி சட்டமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் உயர்ந்த நடிகை ரோஜா அறிமுகமானது அந்தப் படத்தில்தான். 2005-இல் வெளியான 'டேஞ்சர்' படத்தில் வில்லனாக நடித்ததற்காக சிவபிரசாத் ஆந்திர அரசின் நந்தி விருதைப் பெற்றார்.

தெலுங்கு தேசம் கட்சித் தலைவர் சந்திரபாபு நாயுடுவின் பால்ய நண்பரான அவர், 1999 தேர்தலில் சத்தியவேட்டில் வெற்றி பெற்று சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். தொடர்ந்து தகவல் மற்றும் கலாசாரத் துறை அமைச்சராக 2001 வரை பொறுப்பு வகித்தார்.

சித்தூர் எம்.பி.

தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் சித்தூர் மக்களவைத் தொகுதி தனித்தொகுதியானது. 2009-இல் அங்கு போட்டியிட்ட சிவபிரசாத், சுமார் 10 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2014-இல் அந்த வித்தியாசம் சுமார் 44 ஆயிரமாக உயர்ந்தது. சந்திரபாபு நாயுடுவின் குப்பம் சட்டமன்றத் தொகுதியும் சித்தூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது.

வேடமே போராட்டம்

மாநிலப் பிரிவினையை எதிர்த்து அவையில் முழக்கமிட்டதற்காக, 2013 ஆகஸ்டில் இடைநீக்கம் செய்யப்பட்ட ஆந்திர எம்.பி.க்களில் சிவபிரசாத்தும் ஒருவர். 2014 பிப்ரவரியில் பிரிவினை மசோதா நிறைவேறியபோது, எஞ்சிய ஆந்திராவுக்கு 5 ஆண்டுகளுக்குச் சிறப்பு அந்தஸ்து வழங்கப்படும் என அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் மாநிலங்களவையில் அறிவித்தார். இந்த அந்தஸ்து கிடைத்தால், மத்திய அரசின் நிதியுதவித் திட்டங்களில் 90 சதவீதச் செலவை மத்திய அரசே ஏற்கும். ஹைதராபாத்தையும் அதன் வருவாயையும் இழந்த மாநிலத்துக்கு இது வாழ்வாதாரக் கோரிக்கையாக இருந்தது.

2016-இல் மத்திய அரசு சிறப்பு அந்தஸ்துக்குப் பதிலாகச் சிறப்பு நிதியுதவியை அறிவித்தது. 2018 மார்ச்சில் தெலுங்கு தேசம் தேசிய ஜனநாயகக் கூட்டணியிலிருந்து வெளியேறியது. அந்த ஆண்டு கூட்டத்தொடர்களின்போது சிவபிரசாத் நாரதர், பள்ளி மாணவர் எனப் பல வேடங்களில் நாடாளுமன்ற வளாகத்துக்கு வந்தார். ஆகஸ்ட் 9 அன்று அவர் ஹிட்லர் வேடத்தில் வந்தது நாடு முழுவதும் செய்தியானது. கேலியும் விமர்சனமும் எழுந்தபோதிலும், புள்ளிவிவரங்களால் கவனம் பெறாத ஒரு நிதிக் கோரிக்கையை அந்த வேடங்கள் வடமாநிலத் தொலைக்காட்சிகள் வரை கொண்டு சேர்த்தன.

நண்பரையும் விமர்சித்தவர்

தலைமையுடனான நட்பு அவரது குரலைக் கட்டுப்படுத்தவில்லை. 2017 ஏப்ரலில் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டிப் பேசிய அவர், பட்டியல் சமூகத்தினருக்குத் தமது கட்சி ஆட்சியில் உரிய நீதி கிடைக்கவில்லை என வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். தனித்தொகுதிகளிலேயே வென்று வந்த ஓர் உறுப்பினரின் இந்தப் பேச்சு கட்சிக்குள் சலசலப்பை ஏற்படுத்தியது. இருப்பினும் 2019 தேர்தலில் சித்தூரில் போட்டியிடும் வாய்ப்பு அவருக்கே மீண்டும் வழங்கப்பட்டது.

தோல்வியும் மறைவும்

அத்தேர்தலில் மாநிலத்தின் 25 மக்களவைத் தொகுதிகளில் 22-ஐ ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் கைப்பற்றியது. சித்தூரில் அக்கட்சியின் ரெட்டப்பாவிடம் சுமார் 1.37 லட்சம் வாக்குகள் வித்தியாசத்தில் சிவபிரசாத் தோல்வியடைந்தார். சில மாதங்களிலேயே உடல்நலக் குறைவால் சென்னை மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட அவர், 2019 செப்டம்பர் 21 அன்று சிகிச்சை பலனின்றி காலமானார். அவருக்கு வயது 68.

அவர் வேடமிட்டுக் கோரிய சிறப்பு அந்தஸ்து அவரது வாழ்நாளில் ஆந்திராவுக்குக் கிடைக்கவில்லை. 2024-இல் தெலுங்கு தேசம் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்குத் திரும்பி மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்தது. அவர் முதன்முதலில் வென்ற சத்தியவேடு தொகுதியும் அத்தேர்தலில் மீண்டும் அக்கட்சியின் வசமானது.